கம்பு சுற்றினால் கம்பு வரும். வேறு என்ன வரும்?

சேலத்தில், கன்னங்குறிச்சிப் பக்கம் ஒரு காலி மனையில், காலை ஐந்தே முக்காலுக்கு எங்கள் சிலம்ப வகுப்பு. பள்ளிப் பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு பேர், வேலைக்குப் போகும் பெண்கள் மூன்று பேர், நாற்பதைத் தாண்டிய நான். நடைப்பயிற்சிக்கு வரும் பெரியவர் ஒருவர் வேலியோரம் நின்று தினமும் பார்ப்பார். ஒருநாள் கேட்டே விட்டார்: "ஏனுங்க, இந்தக் காலத்துல எவனுங்க கம்ப எடுத்துக்கிட்டுச் சண்டைக்கு வர்றான்? இதக் கத்துக்கிட்டு என்ன பண்ணப் போறீங்க?"

ஆளுக்கொரு பதில் சொன்னோம். ஒரு பையனின் அம்மா, "தன்னம்பிக்கை வருமுங்க" என்றார். இன்னொருவர் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கிடைக்கும் என்றார். எட்டாம் வகுப்புப் படிக்கும் ஒருத்தி, "யாராச்சும் வம்புக்கு வந்தா வீடு கட்டி அடிக்கலாம் தாத்தா" என்றாள். மாஸ்டர் சிரித்துவிட்டு, "சரி சரி, காலடி போடுங்க" என்று நகர்ந்துவிட்டார்.

பெரியவரின் கேள்வி நியாயமானது. எங்கள் பதில்கள்தான் அவசரத்தில் வந்தவை. தற்காப்புக் கலை என்றாலே ஒன்று அதை எல்லா நோய்க்கும் மருந்தாக்கிவிடுகிறோம், அல்லது திருவிழா வேடிக்கை என்று ஒதுக்கிவிடுகிறோம். ஒரு கம்பைப் பழகினால் உடம்புக்குள் என்ன மாறுகிறது, அந்த மாற்றம் கம்பு இல்லாத இடத்தில் எவ்வளவு தூரம் கூட வரும் என்று பார்த்தால் பதில் கொஞ்சம் தெளியும். முன்னறிவு எதுவும் வேண்டாம்.

பெயர்களை முடித்துவிடுவோம்

சிலம்பம் என்பது கம்பை முதன்மையாகக் கொண்ட தமிழகத் தற்காப்புக் கலை. கம்பு மூங்கிலாகவோ பிரம்பாகவோ இருக்கும். பிடிப்பவரின் நெற்றி உயரம், ஏறத்தாழ ஐந்தரை அடி. கம்பைத் தாண்டி வாள், சுருள்வாள், மான்கொம்பு என்று போகும். வெறுங்கையால் செய்வது குத்துவரிசை.

சிலம்பு என்ற சொல்லுக்கு மலை என்றும் பொருள், ஒலி என்றும் பொருள், காலில் அணிவது என்றும் பொருள். செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு செய்கிறவர்களுக்கு மூன்றாவது பொருள் சோறு போடுகிறது. கலைக்குப் பெயர் வந்தது மலையிலிருந்து என்பார்கள் சிலர், கம்பு காற்றைக் கிழிக்கும் ஒலியிலிருந்து என்பார்கள் சிலர். சேர்வராயன் மலையைப் பார்த்தபடி பழகுகிற எங்களுக்கு முதல் விளக்கம்தான் பிடிக்கும். பிடிக்கும் என்பதைத் தவிர எங்களிடம் வேறு ஆதாரம் இல்லை.

காலடி என்பது பாதத்தை எங்கே, எந்தக் கோணத்தில், எந்த வரிசையில் வைப்பது என்ற பாடம். காலடிகளைக் கோத்து நான்கு திசையிலும் நகர்ந்து ஒரு பரப்பைத் தன்வசம் வைத்துக்கொள்வதுதான் வீடு கட்டுதல். அந்தச் சிறுமி சொன்ன பேச்சுவழக்கு இங்கிருந்து போனதுதான். போகப்போக 'வீடு' மறந்து 'அடி' மட்டும் நினைவில் தங்கிவிட்டது.

ஐயாயிரம் ஆண்டுப் பழமை என்று பேனரில் போடுகிறார்கள். இருக்கட்டும். திங்கட்கிழமை காலையில் தூக்கத்தை விட்டுவிட்டு எதற்காக வர வேண்டும் என்ற கேள்விக்கு அது பதில் ஆகாது.

ஏற்காட்டு மலைப்பாதையில் ஒரு பாடம்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள். ஐந்து ரோட்டு நெரிசலில் பைக் ஓட்டிப் பழகியவர் முதல்முறை மலை ஏறுகிறார் என்று வையுங்கள். கிளட்ச், கியர், வண்டியைச் சாயாமல் நிறுத்தும் சமநிலை எல்லாம் கூடவே வரும். ஆனால் இறங்கும்போது கீழ் கியரில் போட்டு இன்ஜினாலேயே வண்டியைப் பிடித்து நிறுத்தும் வித்தை வராது, ஏனென்றால் ஐந்து ரோட்டில் அதற்கு வேலையே இல்லை. இதே மனிதர் நாளை லாரி ஓட்டப் போனால், சாலையைப் படிக்கும் கண் உதவும். இரண்டு சக்கரத்துச் சமநிலை ஒரு காசுக்கும் உதவாது.

ஓரிடத்தில் பழகியது இன்னோரிடத்தில் கைகொடுப்பதற்குப் பயிற்சி மாற்றம் என்று பெயர். பி.எட். படித்தவர்களுக்கு இந்தச் சொல் பழக்கம். 1901-இல் எட்வர்ட் தார்ன்டைக், ராபர்ட் உட்வொர்த் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் இதைச் சோதித்தார்கள். செவ்வகங்களின் பரப்பைக் கண்ணாலேயே மதிப்பிட ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். அதில் நன்றாகத் தேறினார்கள். பிறகு வேறு அளவிலும் வேறு வடிவத்திலும் காட்டியபோது, தேர்ச்சி அவ்வளவாகக் கூட வரவில்லை. இரண்டு வேலைகளுக்கும் பொதுவாக எந்தக் கூறுகள் இருக்கின்றனவோ அந்த அளவுக்குத்தான் பயிற்சி மாறும் என்பது அவர்கள் கண்ட முடிவு. அதுவரை, லத்தீனும் கணக்கும் படித்தால் மூளை மொத்தமும் கூர்மையாகும் என்று நம்பியிருந்த பள்ளிக்கூடங்களுக்கு இது உவப்பான செய்தியாக இல்லை.

என் கதையும் இதற்குச் சாட்சி. சிலம்பம் சேர்ந்து ஓராண்டு ஆகியிருந்தது. மழைத் தூறலில் ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது, வளைவில் எதிரே பஸ் அகலமாகத் திரும்பி வந்தது. பதறி முன் பிரேக்கை மொத்தமாகப் பிடித்தேன். வண்டி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். முழங்கையில் சிராய்ப்போடு போனது. "ஒரு வருசமா கம்பு சுத்தி என்னத்தக் கண்ட?" என்றாள் மனைவி. சிலம்பத்தில் பிரேக் கிடையாதே என்று அப்போது எனக்குச் சொல்லத் தோன்றவில்லை.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: கம்பு பழகினால் கம்பு வரும். மற்றது வருமா என்பதற்கு, அந்த மற்றதற்கும் கம்புக்கும் என்ன பொதுவாக இருக்கிறது என்று கேட்க வேண்டும். இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு மேலே போவோம்.

தூரம்: கம்பு கற்றுக்கொடுக்கும் முதல் பொருள்

ஆடி மாதப் பொருட்காட்சி ராட்டினத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நடுத்தூணை ஒட்டி நிற்பவரும் ஓரத்துக் குதிரையில் இருப்பவரும் ஒரே நேரத்தில்தான் ஒரு சுற்று முடிக்கிறார்கள். ஆனால் ஓரத்தில் இருப்பவர் அதற்குள் நெடுந்தூரம் போய் வந்திருப்பார். கம்பின் நுனியும் அப்படியே.

ஒரு கணக்குப் போடலாம். ஐந்தரை அடிக் கம்பில் முன்பக்கம் மூன்றரை அடி, அதாவது சுமார் 1.07 மீட்டர், நீண்டிருக்கப் பிடித்து நொடிக்கு இரண்டு சுற்று சுற்றினால், நுனியின் வேகம் நொடிக்கு ஏறக்குறைய 13 மீட்டர். மணிக்கு 48 கிலோமீட்டர். நல்ல சாலையில் டவுன் பஸ் போகும் வேகம்.

இப்போது எதிரில் நிற்பவரைப் பாருங்கள். கண் ஒன்றைப் பார்த்து, மூளை புரிந்து, கை அசையத் தொடங்கும் வரை ஆகும் காலத்துக்கு எதிர்வினை நேரம் என்று பெயர். பார்த்ததும் ஒரு பொத்தானை அழுத்து என்கிற எளிய வேலைக்கே கிட்டத்தட்ட கால் நொடி ஆகும். அந்தக் கால் நொடியில் கம்பு நுனி மூன்று மீட்டருக்கு மேல், பதினொரு அடி, கடந்திருக்கும். கையை நீட்டினால்கூட அவ்வளவு எட்டாது. ஆகவே நுனியைப் பார்த்துத் தடுக்கலாம் என்று நின்றால், தடுப்பதற்கு முன்பே பட்டிருக்கும்.

புதிதாக வருபவர்கள் எல்லோரும் நுனியைத்தான் பார்ப்பார்கள். நானும் பார்த்தேன், நிறைய வாங்கினேன். "கம்ப எதுக்குப் பாக்கறீங்க? கம்பு தானா வருதா? ஆளப் பாருங்க" என்பார் மாஸ்டர். கம்பு வருவதற்கு முன் தோள் திரும்பும். தோள் திரும்புவதற்கு முன் பாதம் எடை மாறும். அதைப் படித்துவிட்டால், அந்தக் கால் நொடியை முன்கூட்டியே வாங்கிவிடலாம். படிக்க வரவில்லையா, ஒரு காலடி பின்னால் நில்லுங்கள். தூரமே நேரத்தைக் கொடுக்கும். மாதக்கணக்கில் எங்களைக் காலடி மட்டும் போட வைத்ததன் பொருள் எனக்கு அப்புறம்தான் விளங்கியது. கைக்கு எட்டாத வேலையைக் கால் செய்துகொடுக்கிறது.

இன்னொன்றும் உண்டு. தேர்ந்தெடுக்க வேண்டிய வழிகள் கூடக் கூட எதிர்வினை நேரமும் கூடும். இருபது தடுப்பு தெரிந்து எதைப் போடுவது என்று திகைப்பவரைவிட, நாலே தடுப்பு ஊறிப்போனவர் முந்திக்கொள்வார். பழைய ஆசான்கள் ஒரே வரிசையை நூறு முறை போடச் சொல்வது இதனால்தான் என்று நினைக்கிறேன். எனக்கு அப்போது அது கஞ்சத்தனமாகத் தெரிந்தது.

இந்தத் தூரக் கணக்கு வெளியே வருமா? எனக்குத் தெரிந்து, சிலம்பத்திலிருந்து அன்றாட வாழ்வுக்கு அதிகம் கூட வருவது இதுதான். குரங்குச்சாவடிப் பக்கம் லாரிக்குப் பின்னால் எவ்வளவு விட்டுப் போவது, குடித்துவிட்டு ஆடிக்கொண்டு வருபவரிடமிருந்து எத்தனை அடி ஒதுங்கி நடப்பது, வெறிநாய் முறைத்தால் எப்போதிருந்து பின்வாங்குவது எல்லாவற்றிலும் ஒரே கேள்விதான்: அது என்னை எட்டுவதற்குள் நான் அசைய முடியுமா? ஆனால் பிரேக் பிடிக்கும் கை வராது. அதைத்தான் மேலே சொன்னேன்.

கண் வேறு வேலையில் இருக்கும்போது கால்

அம்மாப்பேட்டையிலோ கொண்டலாம்பட்டியிலோ குழித்தறி ஓடும் வீட்டுக்குள் போய்ப் பாருங்கள். குழிக்குள் இருக்கும் கால் மிதியை அழுத்தும். ஒரு கை கயிற்றை இழுக்க, ஊடிழையைக் கொண்டுபோகும் நாடா ஓடும். மறு கை பலகையை அடித்து இழையை நெருக்கும். நெசவாளியின் கண் மட்டும் துணியில் இருக்கும். எந்தக் காலை எப்போது அழுத்தினீர்கள் என்று கேட்டால், நிறுத்தி யோசித்துத்தான் சொல்வார். கேட்காமல் விட்டால் நாள் முழுக்கத் தவறாமல் செய்வார். இப்படிச் சொல்லில் இல்லாமல் செயலில் தங்கியிருக்கும் நினைவு, செய்முறை நினைவு. கற்றதைக் கவனத்தின் தலையிலிருந்து இறக்கிவைப்பது அதன் வேலை.

உடம்பு விழாமல் நிற்க மூன்று இடங்களிலிருந்து தகவல் வேண்டும்: கண், உட்காது, பிறகு தசைகளிலும் மூட்டுகளிலும் இருக்கும் உணர்விகள். கடைசியாகச் சொன்னதுதான் உடல்நிலை உணர்வு. கண்ணை மூடிக்கொண்டு மூக்கைத் தொட முடிவது அதனால். ஒற்றைக் காலில் நின்று கண்ணை மூடிப் பாருங்கள். நம்மில் பலர் கண்ணை நம்பியே நிற்கிறோம் என்பது உடனே தெரிந்துவிடும். சுவர் பக்கத்தில் நின்று செய்யுங்கள்.

சிலம்பத்தில் கண் எதிராளி மேல், கை கம்பின் மேல். காலைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. மேடு பள்ளமான மண்ணில் தாழ்ந்து, திரும்பி, தாவி நகர வேண்டும். வேறு வழியில்லாமல் கால் தன்னைத் தானே பார்த்துக்கொள்ளப் பழகுகிறது. காய்கறிப் பையைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி இறங்கும்போதும் இதே நிலைமைதான்: கண் மறைந்திருக்கும், கை வேலையாக இருக்கும். எனவே இது கூட வரும்.

இது சின்ன விஷயம் இல்லை. விபத்துக் காயங்களால் ஏற்படும் சாவுகளில் உலகளவில் இரண்டாவது இடம் கீழே விழுவதற்கு. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஆண்டுக்கு ஏறத்தாழ 6,84,000 பேர் அப்படிச் சாகிறார்கள். கம்போடு வருகிறவனைவிடக் குளியலறைத் தரை நம்மை வீழ்த்த அதிக வாய்ப்பு உண்டு. ஒரு குறையையும் சொல்ல வேண்டும்: ஜூடோவில் முதல் பாடமே அடிபடாமல் விழுவது. எங்கள் வகுப்பில் விழாமல் இருக்கத்தான் பழகுகிறோம், விழப் பழகுவதில்லை.

பதற்றத்துக்கு ஒத்திகை

ஆபத்து என்று மூளை முடிவு செய்ததும், சிறுநீரகங்களின் மேல் தொப்பிபோல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலின் என்ற இயக்குநீரை ரத்தத்தில் விடுகின்றன. நெஞ்சு அடித்துக்கொள்ளும், மூச்சு வாங்கும், பெரிய தசைகளுக்கு ரத்தம் பாயும், விரல் நடுங்கும். ஓடுவதற்குத் தோதான ஏற்பாடு. பூட்டில் சாவி நுழைக்கத் தோது இல்லை.

தொடுமுறைப் பயிற்சியில், அதாவது எதிராளியைக் கம்பால் தொட்டுப் புள்ளி எடுக்கும் ஆட்டத்தில், முதல்முறை தலைக்கவசம் போட்டுக்கொண்டு நின்றபோது எனக்கு இவ்வளவும் நடந்தது. எதிரே நின்றவன் பத்தாம் வகுப்புப் பையன். கம்பு வந்ததும் கண்ணை மூடிக்கொண்டேன். மூன்று மாதம் கழித்தும் நெஞ்சு அதே போல் அடித்தது, ஆனால் கண் திறந்திருந்தது. மாறியது அவ்வளவுதான், அதுவே பெரிது. பயம் வந்தபோது உடம்பில் நடப்பவை பழகிப்போயின. அவற்றைப் பார்த்துப் பயப்படுவது நின்றது.

மூச்சுக்கும் இதில் பங்கு உண்டு. மணிக்கட்டில் நாடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக மூச்சு விட்டுப் பாருங்கள். உள்ளே இழுக்கும்போது துடிப்பு சற்று விரையும், வெளியே விடும்போது சற்றுத் தணியும். அடிக்கும்போது மூச்சை வெளியே விடு என்று சொல்லிக்கொடுப்பதில் இந்தப் பலனும் சேர்ந்துகொள்கிறது.

இது வெளியே வருமா? பாதி வரும். நேர்முகத் தேர்வு அறைக்கு வெளியே உட்கார்ந்திருக்கும்போதும் நெஞ்சு இதே மாதிரிதான் அடிக்கும். அதை அடையாளம் கண்டுகொள்ளலாம். உள்ளே கேட்கும் கேள்விக்குப் பதில் கம்பில் இல்லை, அதைப் படித்துத்தான் போக வேண்டும். ஆட்டம் ஆடாமல் அலங்காரச் சுற்று மட்டும் பழகியவர்களுக்கு இந்தப் பாதியும் வராது. அவர்கள் ஒரு தடவையும் பதறவே இல்லையே.

மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்: தூரத்தை அளக்கும் கண் நன்றாகக் கூட வருகிறது, கால் நிலைப்பும் வருகிறது, பதற்றத்தோடு பழகும் பழக்கம் பாதி வருகிறது.

கத்தியோடு வந்தால்?

எல்லோரும் கடைசியில் இதைத்தான் கேட்பார்கள். ஓடுங்கள். பஸ் நிலையத்துக்கு ஐந்தரை அடிக் கம்போடு யாரும் போவதில்லை; கம்பு இல்லாத சிலம்பக்காரர் குத்துவரிசை தெரிந்தவர், அவ்வளவே. முன்பே ஒதுங்கி நிற்பதும், கதவு எந்தப் பக்கம் என்று பார்த்து வைப்பதும், கண் இருட்டாமல் காலை எடுப்பதும் உதவும். ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் என்ற சினிமா ஸ்டுடியோவின் பழைய நுழைவு வளைவு இன்னும் நிற்கிறது. அதன் உள்ளே எடுத்த சண்டைகளில் எதிராளி தன் முறை வரும்வரை காத்திருப்பான். தெருவில் காத்திருக்க மாட்டான்.

சட்டத்தையும் ஒரு வரி தெரிந்துகொள்ளலாம். தன்னையும் பிறரையும் காத்துக்கொள்ளும் உரிமையைப் பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 34 முதல் 44 வரையான பிரிவுகள் தருகின்றன. காத்துக்கொள்ளத் தேவையான அளவுக்கு மேல் தீங்கு செய்ய அந்த உரிமை இடம் தராது. வீடு கட்டி அடிக்கலாம் என்ற சிறுமிக்கு மாஸ்டர் இதைச் சொல்லியிருக்கலாம்.

ஒழுக்கம், சான்றிதழ், சாதனை

ஒழுக்கம் வரும் என்கிறார்கள். வகுப்புக்கு நேரத்துக்கு வரும் பிள்ளை, வீட்டில் புத்தகத்தை நேரத்துக்கு எடுப்பதில்லை. எங்கள் வீட்டிலேயே பார்க்கிறேன். ஆறு மணிக்கு மாஸ்டர் இருக்கிறார், ஏழு மணிக்குப் பாடப்புத்தகத்துக்கு முன் அவர் இல்லை. பொதுக்கூறு போய்விட்டது. சிறியவனோடு ஆடும்போது கை தளர்த்தி ஆடச் சொல்லும் ஆசானிடம் படிப்பவன் வேறு மாதிரி வருவான், ஜெயித்தே ஆகணும் என்று கத்துகிறவரிடம் படிப்பவன் வேறு மாதிரி வருவான். கம்பு இரண்டு பேருக்கும் ஒன்றுதான்.

வேலை, ஒதுக்கீடு வேறு கணக்கு. அதைக் குறை சொல்ல மாட்டேன். தமிழக அரசு வேலைகளுக்கான மூன்று சதவீத விளையாட்டு ஒதுக்கீட்டில் சிலம்பமும் உண்டு. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டிகளில் செயல்விளக்க விளையாட்டாகவும் இடம்பெற்றது. இதை நம்பி வருபவர்கள் போட்டி விதியைப் படிக்கும் இடத்துக்குப் போக வேண்டும்.

எனக்குப் பிடிக்காதது சாதனை வியாபாரம். பானை மேல் நின்று, ஆணிப் பலகை மேல் நின்று, கண்ணைக் கட்டிக்கொண்டு மணிக்கணக்கில் ஒரே சுற்று. பெற்றோர் பணம் கட்டுகிறார்கள், பிள்ளைக்குப் பதக்கம். மேலே சொன்ன மூன்றில் ஒன்றுகூட அதில் இல்லை: எதிராளி இல்லாததால் தூரம் இல்லை, நகராததால் காலடி இல்லை. தோள் வலி மட்டும் உண்டு.

சேரப் போகிறவர்களுக்கு

ஒருநாள் முழு வகுப்பையும் உட்கார்ந்து பாருங்கள். காலடிக்கு எவ்வளவு நேரம் போகிறது, எதிரெதிரே நிற்க வைக்கிறார்களா, தலைக்கவசம் இருக்கிறதா, அடிபட்ட பிள்ளையிடம் மாஸ்டர் எப்படிப் பேசுகிறார் என்று கவனித்தால் போதும். முதல் மாதம் உள்ளங்கை கொப்புளிக்கும். கம்பைச் சொந்தமாக வாங்குவதற்கு அவசரம் வேண்டாம்; உங்கள் உயரம் பார்த்து மாஸ்டரே சொல்வார்.

வாங்கிய பிறகு, அதைத் தயவுசெய்து ஸ்கூட்டரில் குறுக்கே வைத்துக்கொண்டு போகாதீர்கள். நான் முதல் நாள் அப்படித்தான் போனேன். ஐந்து ரோட்டு சிக்னலில் பக்கத்து ஆட்டோக்காரரின் விலாவில் நுனி இடித்தது. அவர் வண்டியை விட்டு இறங்காமல் சொன்னார்: "அண்ணா, அது எவ்வளவு நீளம்னு ஒருதரம் திரும்பிப் பாத்துக்குங்க."